சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு நாள் குழந்தை நாவல்பழம் தின்னாது.

டாக்டர் நிலோபர் அதன் குதிகாலில் ஊசியால் ஒரு குத்து குத்தினார். வந்த சொட்டை வெள்ளைத் துணியில் ஒற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரத்தம் சிவப்பாக இல்லை. காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது.

"டாக்டர், அது ரத்தம்தானே?" என்றாள் ஆதிரை.

"ரத்தம்தான்மா. ஆனா வேலை செய்யாத ரத்தம்."

ஆதிரை முதல் பிரசவத்துக்காக அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அப்பா அம்மா போன பிறகு தாழைக்கட்டளையில் அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அண்ணன் பூவராகன் மட்டும்தான். புருஷன் ஓமனில் கப்பல் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். எட்டாம் மாதமே வலி எடுத்து, ரத்தம் நிறையப் போய், உயிரோடு எழுந்ததே பெரிய காரியமாகிவிட்டது. பால் மட்டும் ஊறவே இல்லை.

பூவராகன் சுவரோரம் நின்றிருந்தான். வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் இல்லை. வட்டார மண்வள அலுவலர். பத்து ஊர் வயல்களில் எந்த வயலுக்கு என்ன குறை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். உள்ளே கரு நீலத்தில் மருந்து. குழந்தையின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. கடைசியில் நெற்றியோரம் தேடிப் பிடித்து மெல்ல ஏற்றினார். மூன்று பேரும் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நிமிஷத்தில் நீலம் வெளுத்தது. அரை மணியில் குழந்தை கை காலை உதைத்து அழுதது.

ஆதிரையும் அழுதாள். டாக்டர் மட்டும் முகத்தைத் தளர்த்தவில்லை.

"இதுதான் கடைசிக் குப்பி. ஒரு தடவை திருப்பிட்டேன். மறுபடியும் அதே தண்ணி உள்ள போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தண்ணியா?" என்றான் பூவராகன்.

"நைட்ரேட் சார். உங்க பாடம். பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. பச்சக்குழந்தை வயித்துல அது வேற ஆளா மாறி ரத்தத்துக்குள்ள போயிடும். அப்புறம் ரத்தம் காத்தைத் தூக்காது. மூக்கு மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும், புள்ளை மூச்சு முட்டிச் சாகும். பால் பவுடரை எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"எங்க கொல்லைக் கிணறு. ஆனா பயப்படாதீங்க டாக்டர், நானே என் கையால காய்ச்சறேன்." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரு குண்டான் தண்ணி அரைக் குண்டானா வர்ற வரைக்கும் அடுப்பை விட்டு நகர மாட்டேன். நல்லா சுண்ட வெச்சுத்தான் எறக்குவேன்."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், ரசத்தைச் சுண்ட வெச்சா உப்பு கொறையுமா, கூடுமா?"

பூவராகனுக்குப் பதில் தெரியும். பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். கரைந்திருப்பது ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். பாதியாகச் சுண்டினால் விஷம் இரண்டு மடங்கு. தினமும் மண்ணில் இதே நைட்ரேட்டை அளந்துகொண்டிருந்தவன் அவன். கிணற்றுத் தண்ணீரை ஒருநாள்கூட அளந்ததில்லை. குடிநீர் வேறு துறை.

அவன் நினைவுக்கு வந்தது அடுப்பு இல்லை. மைக்.

ஒன்பது நாள் முன்பு, வாய்க்கால் பச்சைக் குழம்பாகி மீன் செத்து மிதந்தபோது, காலரா வரும் என்று ஊர் மிரண்டது. கொதித்து ஆறிய நீரைப் பருகவும் என்று மேலிடத்திலிருந்து ஒரே வரியில் சுற்றறிக்கை வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் மைக்கில் அதைப் படித்தவன் பூவராகன். படித்ததோடு விடவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடுகள் பாதியாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும் என்று தன் பங்குக்குச் சேர்த்துச் சொன்னான். அந்த ஒரு சொல் சுற்றறிக்கையில் இல்லை. ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று அவனே போட்டது.

"எங்க ஊர்லேர்ந்து வேற யாராவது வந்தாங்களா டாக்டர்?"

"இந்த வாரம் மூணு குழந்தை. ரெண்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அங்க இடமில்லாம வராந்தாவுல படுக்கப் போட்டிருக்காங்க. ஒண்ணு இங்க வரும்போதே இல்லை. அஞ்சுகம்னு ஒரு பொண்ணோட ஆம்பளைப் புள்ளை. தென்னந்தெரு." டாக்டர் நிலோபர் ஊசியை டப்பாவில் போட்டார். "நான் வயித்துப்போக்குன்னு எழுதினேன் சார். ரத்தத்தை எடுத்துப் பாக்கணும்னு அப்ப எனக்குத் தோணலை. எழுதினதை மாத்தி இப்பதான் மேல அனுப்பியிருக்கேன்."

"இப்ப இதுக்கு என்ன குடுக்கறது?" ஆதிரை குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"தாய்ப்பால். இல்லன்னா இந்த மாவட்டத்துக்கு வெளியிலேர்ந்து வந்த தண்ணி. மாட்டுப்பால், இளநீர் எல்லாம் எட்டாம் மாசமே பொறந்த இந்தக் கொடல் தாங்காது. குடுத்துப் பாக்காதீங்க."

பேட்டரி ஆட்டோவில் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றில் வரிசை வரிசையாகப் பெண்கள் குனிந்திருந்தார்கள். கரையில் மாடில்லாத கொட்டகைகள். போன மாதம் வரப்பில் புல் ஆள் உயரத்துக்கு, கண்ணைப் பறிக்கிற கரும்பச்சையாக வளர்ந்தது. மேய்ந்த மாடுகள் நுரை தள்ளிச் செத்தன. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"அண்ணே, இந்தக் காத்து உரத்தை நிறுத்தித் தொலைக்க முடியாதா?"

ஊரில் எல்லோரும் அதைக் காத்து உரம் என்றுதான் சொன்னார்கள். யூரியா மூட்டை கடைசியாக இறங்கிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. விதைநெல்லை ஊற வைக்கும் தண்ணீரில் ஒரு பாக்கெட்டைக் கரைத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத கிருமி வேரில் ஒட்டிக்கொண்டு, காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டும். ஆலைப் புகை இல்லை, உரத்தட்டுப்பாடு இல்லை. பாக்கெட்டை வயல் வயலாகக் கொண்டுபோய்க் கொடுத்தது பூவராகன்தான். மாலை போட்டார்கள்.

"மூட்டையா இருந்தா கொட்டாம நிறுத்தலாம் ஆதி. இது உசுரு. மண்ணுல போதுமானது சேந்துட்டா தானா நிறுத்திக்கற மாதிரிதான் செஞ்சாங்க. நாலஞ்சு வருஷம் நிறுத்தவும் செஞ்சுது."

"அப்புறம்?"

"கோடியில ஒண்ணு நிறுத்தாம இருக்கும்ல? அது பெருகும். இப்ப இருக்கறது பூரா நிறுத்தத் தெரியாத சாதி. பயிர் நிக்கற வரைக்கும் பரவாயில்லை, பயிர் உறிஞ்சிடும். இந்த வருஷம் ஆத்துல தண்ணி வரலை. ஏழு மாசம் நிலம் சும்மா கெடந்துச்சு. அது சும்மா கெடக்கலை. ஆக்கி ஆக்கிப் போட்டுது. தண்ணி வந்ததும் மொத்தமும் கரைஞ்சு கீழ எறங்கிடுச்சு."

"நம்ம கெணத்துக்கு."

"எல்லாக் கெணத்துக்கும். மண்ணையும் வாய்க்காலையும் பாத்துத்தான் பன்னெண்டு நாள்ல மொத்த ஊரும் நட்டு முடிக்கணும்னு ஆர்டர் போட்டேன், கெணறு அப்ப எனக்குத் தோணலை. பச்சை நின்னாத்தான் அது உறிஞ்சும். வேற வழி கெடையாது. மிஷின் மூணுதான் இருக்கு, மீதியெல்லாம் கைநடவு. எழுந்து நடமாடற பொம்பளை ஒருத்தியும் வீட்ல இருக்கக்கூடாதுன்னு..." அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

ஆதிரை வயலைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பூவராகன் போனை எடுத்தான். லாரித் தண்ணீர் நாளை மறுநாள் என்றார்கள். அதுவும் உறுதி இல்லை. பாட்டில் தண்ணீர் கும்பகோணம் வரை எந்தக் கடையிலும் இல்லை. காலரா பயத்தில் ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சாயத்துச் சுத்திகரிப்பு மிஷின் இரண்டு வருஷமாகப் பழுது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

குழந்தை பசியில் கத்தியது. முஷ்டியை வாய்க்குள் திணித்துச் சப்பியது. கடைசியாகக் குடித்தது விடியற்காலை. இப்போது மணி பன்னிரண்டு.

"அண்ணே."

"சொல்லு."

"அந்தத் தென்னந்தெருப் பொண்ணு. அஞ்சுகம். புள்ளை போய் அஞ்சு நாள்தானே ஆச்சு? அவளுக்குப் பால் இருக்கும்."

பூவராகன் போனைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"என்ன நிக்கறே? எந்தத் தெருன்னு பாக்கற நேரமா இது?"

"தெருவைப் பாக்கலை. என்னன்னு சொல்லிக் கேக்கறது? உன் புள்ளையைக் கொன்னவன் வந்திருக்கேன், என் தங்கச்சி புள்ளைக்குப் பால் குடுன்னா?"

"அதை ஏன் சொல்றே? உங்கிட்ட யாரு கேட்டா? வயித்துப்போக்குன்னுதானே எழுதிக் குடுத்திருக்காங்க?"

"மத்த வீட்டுல இப்பவும் சுண்டிக்கிட்டிருக்கு ஆதி. பதினாலு கைக்குழந்தை இருக்கு ஊர்ல. நான் மைக்ல போய்ச் சொல்லியாகணும். சொன்னா அவளுக்கும் தெரியும்."

"சொல்லு. நான் வேணாங்கலை. மொதல்ல பால். அப்புறம் மைக்." ஆதிரை அவன் கையைப் பிடித்தாள். "ஒரு மணி நேரம் அண்ணே. அவ ஒரு தடவை தூக்கி மாருல போட்டுட்டாப் போதும். அப்புறம் விஷயம் தெரிஞ்சாலும் எறக்க மாட்டா. நான் பொம்பளை, எனக்குத் தெரியும்."

அவன் கிளம்பினான். அவள் சொன்னபடியே செய்வது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினான்.

பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் தென்னந்தெருவின் வயல்களை எல்லாம் அவனுக்குத் தெரியும். தெருவுக்குள் வந்தது அன்றுதான். மத்தியான நேரம், ஆண்களும் பெண்களும் வயலில் இருந்தார்கள். ஆனால் வாசலுக்கு வாசல் அடுப்பு எரிந்தது. எல்லா அடுப்பிலும் தண்ணீர்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு வயதான பெண் இடுப்பில் பேத்தியோடு நின்றாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்க சார்! பாத்துக்கங்க, நீங்க சொன்ன மாதிரியே காலையிலேர்ந்து சுண்டுது. பாதி என்ன, கால்வாசியா ஆக்கிப்புட்டேன்."

"அதைக் கீழ ஊத்திடும்மா."

"என்னது?"

"குடுக்காதே. காய்ச்சுன தண்ணி கெடுதல்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சார், நீங்களும் வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு... வெந்நி எங்கயாச்சும் கெடுதல் பண்ணுமா? போன வாரம் நீங்கதானே மைக்குல தொண்டை கிழியக் கத்துனீங்க?" சிரித்துக்கொண்டே அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். தண்ணீர் இன்னும் வேகமாகக் கொதித்தது.

அஞ்சுகத்தின் வீடு தெருக்கோடியில் இருந்தது. வாசலில், நிழல் இருக்க, வெயிலில் உட்கார்ந்திருந்தாள் அவள் மாமியார் பவுனு. பக்கத்தில் ஒரு தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

"அஞ்சுகம் இல்லீங்களா?"

"நடவுக்குப் போயிருக்கு. அஞ்சு நாள் கூட ஆவலை, போயிருச்சு. வீட்ல இருந்தா என் மூஞ்சியைப் பாக்கணுமில்ல?" பவுனு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சார், நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்ன மாதிரிதான் தெனம் சுண்டக் காய்ச்சுனேன். பவுடரு கலந்து நாந்தான் குடுத்தேன். ஒரே ஒரு நா, வெறகு ஈரமா இருந்துச்சு, புள்ளை வேற வீறிட்டுக் கத்துது, முழுசாச் சுண்டறதுக்கு முந்தி எறக்கிட்டேன். அதாலதான போச்சு? எல்லாரும் அதாலதாங்கறாக. அதுவும் அப்படித்தான் நெனைக்குது. எங்கூடப் பேசி அஞ்சு நாளாச்சு."

ஆம் என்று தலையை ஆட்டக்கூட வேண்டாம். சும்மா நின்றாலே போதும். இந்தக் கிழவி பழியைச் சுமப்பாள். இவன் வயலுக்குப் போய் அஞ்சுகத்தைக் கூப்பிடலாம். வீட்டில் குழந்தை பிழைக்கும். ஒரு மணி நேரம்தான்.

முழுசாகச் சுண்டாத அந்த ஒருநாள் தண்ணீர்தான் அந்தக் குழந்தை குடித்ததிலேயே விஷம் குறைந்தது.

பின்னால் மூன்றாவது வீட்டுப் பெண் பேத்தியைக் கொஞ்சும் குரல் கேட்டது. பால்புட்டியைக் குலுக்கும் சத்தம்.

பூவராகன் திரும்பி ஓடினான். வயல் பக்கம் ஓடவில்லை. அந்த வீட்டு வாசலில் அவள் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அவள் போட்ட கூச்சல் காதில் இருக்கும்போதே பஞ்சாயத்து ஆபீஸ் படியேறி, மைக்கைத் தட்டினான்.

"நான் மண்வள ஆபீசர் பூவராகன் பேசறேன். கைக்குழந்தை இருக்கறவங்க கேளுங்க. வயல்ல நிக்கறவங்களும் கேளுங்க. காய்ச்சுன தண்ணியைக் கொட்டிடுங்க. காய்ச்சாத தண்ணியும் குடுக்காதீங்க. எல்லாக் கெணத்துலயும் உப்பு மாதிரி ஒரு விஷம் எறங்கியிருக்கு. மண்ணுல உரம் நெரம்பி வழிஞ்சு போச்சு, அதுதான் கெணத்துக்கு வந்திருக்கு. சுண்டக் காய்ச்சுனா அது கொறையாது, கூடும்."

மூச்சு வாங்கியது. ஒலிபெருக்கியில் அது ஊர் முழுக்கக் கேட்டது.

"சுண்டக் காய்ச்சச் சொன்னது சர்க்கார் இல்லை. நான். சர்க்கார் காயிதத்துல அந்த வார்த்தை கெடையாது. தென்னந்தெரு அஞ்சுகத்தோட புள்ளை என் பேச்சாலதான் செத்துச்சு. பவுனம்மா மேல தப்பு இல்லை. அவங்க நான் சொன்னதைச் செஞ்சாங்க. அவ்வளவுதான். பால் குடுக்கற தாயிங்க எல்லாரும் நடவை விட்டுட்டுக் கரையேறுங்க. வீட்டுக்குப் போங்க. தாய்ப்பாலைத் தவிர எதையும் குடுக்காதீங்க. நடவு நின்னா நிக்கட்டும். ஆர்டர் போட்டவன் நான்தான், நான்தான் நிறுத்தறேன்."

மைக்கை அணைக்கும்போது பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி வாசலில் நின்றார். வேட்டியெல்லாம் சேறு.

"என்னய்யா காரியம் பண்ணிப்புட்ட? நாள் நாலுதான் பாக்கி. பாதி நிலம் நடாமக் கெடக்கு. நடலைன்னா தண்ணி இன்னும் கெடும்னு நீதானே பாடம் எடுத்தே?"

"ஆமா தலைவரே. கெடும்."

"அப்ப அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் இதைவிட மோசமா இருக்கும்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

கலியமூர்த்தி திட்டுவதற்கு வாயெடுத்தார். பிறகு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஆறு மாதப் பேரன் இருந்தான்.

பூவராகன் வீட்டுக்கு நடந்தான். தெருவில் ஒருவர் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. யாரோ காறித் துப்பினார்கள்.

ஆதிரை கொல்லைப்புறம் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை கத்தவில்லை. கத்தத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகியது. அவள் பக்கத்தில் பால் பவுடர் டப்பாவும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரும் இருந்தன.

"மைக் கேட்டுது," என்றாள்.

"ஆதி..."

"ஊர்ப் புள்ளையெல்லாம் பொழைக்கட்டும். நல்ல காரியம்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. சொம்பைத் தொட்டாள். "காய்ச்சாத தண்ணியில பாதி விஷம்தானே? நீதான் கணக்கெல்லாம் போடுவியே. பாதி விஷம் குடுத்தா பாதி பொழைக்குமா? ரெண்டு நாள் தள்ளிட்டா லாரி வந்துரும். ரெண்டு நாள் தாங்குமா?"

"தெரியலை."

"குடுக்கலைன்னா தாங்குமா?"

"தாங்காது."

"அப்ப எதுன்னு நீயே சொல்லு. உன் வாயால சொல்லு. மத்தவங்களுக்கெல்லாம் சொன்னியே."

பூவராகன் சொம்பைப் பார்த்தான். தெளிந்த தண்ணீர். அடியில் கிடந்த கரண்டி தெரிந்தது. வாசனை இல்லை, நிறம் இல்லை. ஆதிரை டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி பவுடரை எடுத்தாள். பாதி கீழே கொட்டியது.

வாசலில் நாய் குரைத்தது.

அஞ்சுகம் கூப்பிடவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்கு வந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. முழங்கால் வரை சேறு, தலையில் முண்டாசு. ரவிக்கையின் முன்புறம் இரண்டு பக்கமும் நனைந்து கிடந்தது. பூவராகன் எழுந்தான். அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ளையைக் குடுங்க," என்றாள் ஆதிரையிடம்.

ஆதிரை கரண்டியைப் போட்டுவிட்டு நீட்டினாள். அஞ்சுகம் முண்டாசுத் துணியை அவிழ்த்து மாரைத் துடைத்துக்கொண்டு, சுவருக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினாள். பூவராகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குழந்தை முதலில் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது. பிறகு பிடித்தது. அது விழுங்கும் சத்தம் அந்தக் கொல்லை முழுக்கக் கேட்டது.

ஆதிரை அவள் காலைத் தொடப் போனாள்.

"அதெல்லாம் வேணாங்க்கா," என்றாள் அஞ்சுகம். "பாவம் பாத்து வரலை. பால் கட்டிக்கிட்டு அஞ்சு நாளா நெருப்பா எரியுது. ஒங்க ஊட்ல குடிக்கப் புள்ளை இருக்குன்னு ஊருக்கே தெரியும்."

"எதுக்கு வந்தாலும் நீ தெய்வம்டி."

"போங்கக்கா. தெய்வம்னா நடவுக்கா போவும்?"

குழந்தையின் உதட்டோரம் பால் வழிந்தது. அஞ்சுகம் அதை விரலால் துடைத்தாள். துடைத்த விரலைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"சார்." இப்போதுதான் அவனோடு பேசினாள். "நானும் அந்தத் தண்ணிதானே குடிக்கறேன். எம்பால்ல அந்த விஷம் இருக்குமா?"

பூவராகன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "இருக்காதும்மா. தாய் ஒடம்பு அதைப் பால்ல வரவிடாது. நூத்துக்கு நூறு சுத்தம்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"இருந்திருந்தா நல்லாருக்கும் சார்."

அவன் திரும்பினான். அவள் அழவில்லை. குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள். பழகிய கை, தலையைத் தாங்கி, ஒரே அசைவில் மாற்றினாள்.

"எம்புள்ளை பொறந்து இருவத்தஞ்சாம் நாள் நடவுக்கு வரச் சொன்னாக. போனேன். பத்து மணிக்கெல்லாம் மாரு கட்டிக்கும். ஊட்டுக்கு ஓடி வந்து குடுத்துட்டுப் போவலாம்னா வரிசையை விட்டு நகர விட மாட்டாக. பன்னெண்டு நாள்ல முடிக்கணும்னு உங்க உத்தரவு. வலி பொறுக்காது. வரப்போரமாக் குந்தி, யாரும் பாக்காத மாதிரி, சேத்துலயே பீச்சி விட்ருவேன். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அந்நேரம் ஊட்ல புள்ளைக்கு எங்க அத்தை தண்ணி காய்ச்சிக்கிட்டிருக்கும்."

குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.

"மண்ணுல நெரம்பி வழியுதுன்னு மைக்குல சொன்னீங்களே சார்," என்றாள் அஞ்சுகம். "அந்த மண்ணுலதான்."